வீட்டுக்குள் ஒரு சிப்காட் வேண்டாமே!

கடலூர், சிதம்பரம் பக்கம் பெண்ணுக்குச் சீர் என்றால் கட்டில், பீரோ, மெத்தை இல்லாமல் முடியாது. முன்பெல்லாம் ஆசாரியை வைத்துத் தேக்கிலோ வேம்பிலோ செய்தார்கள். இப்போது கடையில் பளபளவென்று நிற்பதில் பாதிக்கு மேல் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகைதான். விலையில் நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டும் நாம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதே இல்லை.

அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. அதிலிருந்து கசியும் வாயுதான் புது அலமாரியைத் திறந்ததும் கண்ணைக் கரிக்க வைக்கிறது. வெயிலும் ஈரக்காற்றும் கூடினால் கசிவும் கூடும். நம் கடலோர ஊர்களைக் கேட்கவே வேண்டாம்! இந்த ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. கடைக்காரரோ, "புதுசுன்னா அப்படித்தாம்மா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்கிறார்.

இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த தோல் சோபாக்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க டைமெத்தில் ஃப்யூமரேட் பொட்டலங்களை உள்ளே வைத்திருந்தார்கள். வாங்கியவர்களுக்கு அது தெரியாது. உட்கார்ந்தவர்களுக்குக் கொப்புளமும் எரிச்சலும் வந்து, காரணம் புரியாமல் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றாக வழக்குப் போட்டார்கள். 2010-ல் 2 கோடி பவுண்டு வரை நஷ்டஈடு தர எதிர்த்தரப்பு சம்மதித்தது.

'அதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும்' என்று பெருமூச்சு விட வேண்டாம் தோழிகளே. ஆபத்தைப் பற்றிச் சரியான எச்சரிக்கை தராமல் விற்ற பொருளால் தீங்கு வந்தால், தயாரித்தவரிடம் நஷ்டஈடு கேட்க நமது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வழி செய்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையம் கடலூரிலேயே இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும், கையில் பில் வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே வாங்கும்போதே, "இது என்ன பலகை? இ-0 வா, இ-1 ஆ?" என்று கேட்டு, அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபார்மால்டிஹைடு எவ்வளவு கசியும் என்பதற்கான தர அளவு அது. எழுதித் தரத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

சிப்காட் நாற்றத்துக்காகக் குரல் கொடுத்த ஊர் நம் கடலூர். காசு கொடுத்து நாமே வீட்டுக்குள் கொண்டுவரும் நாற்றத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?

– ஒரு வாசகி, சிதம்பரம்.