ஊசியா, மாத்திரையா?

சங்கத்து அன்பர்கள் பலர் சில காலமாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறார்கள். சிறுநீரகத்தில் கிருமி புகுந்து காய்ச்சல் கண்டால் மாத்திரை போதுமா, ஆஸ்பத்திரியில் படுத்து இரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றிக்கொள்ளத்தான் வேண்டுமா என்பதே அது. நான் வைத்தியனல்லன்; ரயில்வே குமாஸ்தா. எனினும் படித்தறிந்ததையும் விவரமறிந்தோரைக் கேட்டுத் தெளிந்ததையும் இப்பகுதியில் எழுதுவது வழக்கமாதலால், இம்மாதம் இதனை எடுத்துக்கொள்கிறேன்.

இந்நோயை உண்டாக்குவது பெரும்பாலும் நம் குடலிலேயே வாழும் ஈ.கோலை என்னும் கிருமியாகும். அது சிறுநீர்ப் பாதையில் ஏறிச் சிறுநீரகத்தை அடையும்போது குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும், விலாவின் பின்புறத்தில் வலியும், சிலருக்கு வாந்தியும் காண்கின்றன. பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது.

நம்மவரிடையே ஊசிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. டிரிப் ஏற்றாத டாக்டரைக் கைராசியில்லாதவர் என்று சொல்வோரும் உளர். ஆனால் விழுங்கிய மருந்தும் இரத்தத்தில் கலந்தே சிறுநீரகத்தை அடைகிறது. சிப்ரோபிளாக்சசின் மாத்திரையில் ஏறத்தாழ முக்கால் பங்கு அவ்வாறு இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அதனைப் பாலோடும், வயிற்றெரிச்சல் மருந்தோடும், இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து உட்கொண்டால் அப்பங்கு குறைந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க.

1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 306 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. ஒரு சாராருக்கு 14 நாட்களும் வாய்வழி மருந்து. மற்றச் சாராருக்கு முதல் 3 நாட்கள் இரத்தக்குழாய் வழியாகவும், பின்னர் வாய்வழியாகவும் மருந்து. இரு சாராருக்கும் காய்ச்சல் ஏறக்குறைய ஒரு நாளில் தணிந்தது. சிறுநீரகத்தில் தழும்பு விழுவதிலும் கருதத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு ஸ்விட்ஸர்லாந்தில் 141 பெரியவர்களைக் கொண்டு சிப்ரோபிளாக்சசினை இருவழியும் சோதித்தபோதும் பலன் ஒத்தே இருந்தது.

வாய்வழியின் வலிமைக்கு இவ்வூரே ஒரு சாட்சியாகும். 1971-இல் வனகாவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குரிய உப்பு நீர் தீர்ந்துபோன வேளையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த மரணம் 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கிற்று. அது வேறு நோய், வேறு மருந்துதான். எனினும் குடிப்பது ஏற்றுவதற்குத் தாழ்ந்தது என்னும் எண்ணத்தை அது தகர்த்தது.

ஆயின், மாத்திரையே எல்லார்க்கும் போதும் என்று கொள்ளலாகாது. விழுங்கியது வாந்தியாய் வெளிவருவோர், இரத்த அழுத்தம் தாழ்ந்தோர், நினைவு தடுமாறுவோர், கர்ப்பிணிகள், பச்சிளங் குழந்தைகள், கல்லடைத்துச் சிறுநீர் தடைப்பட்டோர் ஆகியோர் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். அங்கே தாமதம் உயிருக்கே ஆபத்து.

நம் நாட்டில் இன்னுமொரு சிக்கல் உண்டு. சிப்ரோபிளாக்சசினுக்கும் செபிக்சிமுக்கும் அடங்காத ஈ.கோலை இந்தியாவில் மிகுந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், வீட்டில் மிஞ்சியிருந்த மாத்திரைகளைக் காய்ச்சலுக்கு விழுங்கி நான்கு நாட்களைக் கழித்தார். பின்னர் சிறுநீரைக் கல்சர் சோதனைக்கு அனுப்பியதில், வாய்வழி மருந்து எதற்கும் அக்கிருமி பணியாதென்று தெரிந்தது. பத்து நாட்கள் படுக்கை, சம்பளமில்லாத விடுப்பு, ஊரிலிருந்து மாமியார் வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. அவருக்கு ஊசி தேவைப்பட்டது, ஊசி உயர்ந்தது என்பதால் அன்று. மாத்திரைகள் பயனற்றுப் போனதனால்.

இத்தகைய மருந்துகளுள் பலவற்றின் அட்டையில் சிவப்புக் கோடு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். டாக்டர் சீட்டின்றி உட்கொள்ளாதீர் என்பதே அதன் பொருள். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு நன்கு பயன்படும் நைட்ரோபியூரன்டாயின் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேர்வதில்லை. ஆகவே பக்கத்து வீட்டாருக்குக் குணமளித்த மாத்திரை நமக்கும் ஆகும் என்று எண்ணுவது தவறு.

ஆதலின் அன்பர்கள் மூன்று காரியங்களைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதல் வேளை மருந்துக்கு முன்பே கல்சர் சோதனைக்குச் சிறுநீர் கொடுங்கள். நிலைமை கடுமையாயின் அதன் முடிவுக்காக மருந்தை நிறுத்தி வைக்கவேண்டாம். மாத்திரை எழுதித் தந்தால் டிரிப் வேண்டுமென்று வற்புறுத்தாதீர்கள். இரண்டு நாட்களில் காய்ச்சல் தணியாவிடில் மறுபடியும் டாக்டரிடம் செல்லுங்கள். தணிந்துவிட்டாலும் அவர் குறித்த நாள்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். உறவினர் துணை அருகில்லாத இவ்வூரில், ஒருவர் படுத்தால் குடும்பம் முழுவதும் தவிக்கும் என்பதை நாம் யாவரும் அறிவோம்.