பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் ஒரு சோபா செட்

தென்காசியில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சோபா செட்தான். கடைக்காரர்கள் பாஷையில் 'த்ரீ ப்ளஸ் ஒன் ப்ளஸ் ஒன்'. மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று, ஒருவர் உட்காரும் சோபா இரண்டு. கூடவே ஒரு டீப்பாய். கடை விசாலமாக இருப்பதால் அங்கே அந்த செட் குட்டியாகத்தான் தெரியும். அதை வேனில் ஏற்றி ஆய்க்குடியில் வீட்டு வாசலில் இறக்கும்போதுதான் அதன் உண்மையான சைஸ் தெரியும்!

முதல் சண்டை நிலைவாசலோடு. பழைய வீடுகளில் நிலை இரண்டரை அடி அகலம், குனிந்து போகிற உயரம். சோபாவின் ஆழமே 33 இஞ்ச். காலைக் கழற்றி, சாய்த்து, திருப்பி, ரெக்ஸினைக் கிழித்து எப்படியோ உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது உண்மையான பிரச்சினை.

ஒரு சின்னக் கணக்கு. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு, அதாவது 120 சதுர அடி. பெரிய சோபா ஆறரை அடிக்கு இரண்டே முக்கால் அடி, கிட்டத்தட்ட 18 சதுர அடி. சின்னது இரண்டும் சேர்ந்து பதினாறரை. டீப்பாய் ஒரு 7. டிவி ஸ்டாண்ட் ஒரு 5. கூட்டினால் 46க்கு மேல். ஹாலில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகப் போய்விட்டது. மிச்சம் 74 இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். வாசலிலிருந்து அடுப்படிக்குப் போகும் பாதை, கதவு திறக்கும் இடம், சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவில் கால் நீட்டும் சந்து எல்லாம் அந்த 74க்குள்தான். ஒரு பாய் முழுசாக விரிக்க இடம் இருக்காது.

பாய் விரிக்க வேண்டுமா என்று சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் கேட்கலாம். இந்தப் பக்கத்து வீடுகளில் ஹால் என்பது விருந்தாளி வந்து உட்காரும் அறை மட்டும் இல்லை. பெரியவர்கள் அதைப் பட்டாசல் என்பார்கள். காலையில் அங்கேதான் இலை போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் பிள்ளைகள் படிப்பு, ராத்திரி பாதி வீடு அங்கேதான் தூங்கும். தென்காசி, கடையநல்லூர் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பெண்களுக்கு அதுதான் வேலை செய்யும் இடமும். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். வெட்டிய இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம், கட்டி முடித்தது ஒரு பக்கம். அதற்குத் தரை வேண்டும், சாய்ந்துகொள்ளச் சுவர் வேண்டும். சோபா வந்தால் முதலில் போவது அந்தச் சுவர்தான். மூன்று சுவரையும் சோபா பிடித்துக்கொண்டால் வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்கும் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த சோபாவுக்கு மாதத் தவணை கட்டுவதும் அந்தப் பீடிக் கூலியில்தான் என்றால் இதை என்ன சொல்ல?

அப்படியானால் சோபா யாருக்கு? பெண் பார்க்க வருகிறவர்களுக்கு, துபாயிலிருந்து லீவில் வரும் மாமாவுக்கு, பொங்கலுக்கு வரும் சம்பந்திக்கு. வருஷத்தில் பத்து நாள் கூட வராது. மற்ற நாளெல்லாம் அதில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கும் (மடிக்காமல்).

ஆய்க்குடியில் இதை யோசிக்க இன்னொரு காரணமும் உண்டு. அமர் சேவா சங்கம் இருக்கும் ஊர் இது. 1975ல் கடற்படை அதிகாரி தேர்வில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் அதைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் பெயரையே அதற்கு வைத்தார். 2020ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சக்கர நாற்காலி என்பது ஊருக்குப் புதிது இல்லை, தெருவில் பார்த்துப் பழகியதுதான். ஆனால் அந்த நாற்காலி வீட்டுக்குள் வருமா?

சக்கர நாற்காலி ஒன்று சிரமமில்லாமல் போக 90 செ.மீ. வழி வேண்டும், ஏறக்குறைய மூன்று அடி. ஒரு முழு வட்டம் திரும்ப 150 செ.மீ., ஐந்து அடி. பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் வைக்கச் சொல்லச் சட்டம் இருக்கிறது, வீட்டு ஹாலுக்கு அப்படி எதுவும் இல்லை. டீப்பாயைச் சுற்றி ஒன்றரை அடிச் சந்து விட்டு சோபா போட்டால், சக்கர நாற்காலியில் வரும் நண்பனை வாசலில் வைத்தே பேசி அனுப்பவேண்டியதுதான். காபி மட்டும் வெளியே வரும். அதே சங்கத்தின் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். குழந்தையைப் புரட்டி, உட்காரவைத்து, தவழவிடுவது எதன் மேல்? தரையில்தான்.

இதற்காக எல்லாரும் தரையில்தான் உட்கார வேண்டும் என்று சொல்வதும் அநியாயம். மூட்டு தேய்ந்துபோன ஆச்சிக்குத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். அவருக்கு ஒரு நல்ல இருக்கை கட்டாயம் தேவை. ஆனால் கடையில் விற்கும் மெத்துமெத்தென்ற சோபா அவருக்கு ஆகாது. உட்கார்ந்ததும் ஒரு அரை அடி அமுங்கும், முட்டி இடுப்பை விட மேலே போய்விடும், ஊன்றி எழக் கை வைக்கும் இடமும் மெத்தையாகவே இருக்கும். ஆச்சிக்கு வேண்டியது 18 இஞ்ச் உயரம், அமுங்காத இருக்கை, இரண்டு பக்கமும் கெட்டியான மரக் கைப்பிடி. சுருக்கமாகச் சொன்னால் ஒரு நல்ல நாற்காலி!

அப்போ என்னதான் வாங்குவது? சின்ன ஹாலுக்கு இரண்டு பேர் உட்காரும் மர சோபா ஒன்று போதும், நாலரை அடிக்குள். இல்லையென்றால் ஆறடிக்கு இரண்டரை அடியில் ஒரு திவான். பகலில் மூன்று பேர் உட்காரலாம், ராத்திரி ஒருவர் படுக்கலாம், அடியில் பாய் தலையணையைத் தள்ளிவிடலாம். கால் உயரமாக இருந்தால் கூட்டிப் பெருக்கவும் முடியும். விருந்தாளிக்கு, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி நாலு இருக்கட்டும். அழகில்லைதான், ஆனால் வேலை முடிந்ததும் மூலைக்குப் போய்விடும்.

துணி போட்ட ஃபோம் சோபாவை இங்கே வாங்குவதற்கு முன் ஆடி மாதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். ஜூன் தொடங்கினால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும். குற்றாலத்தில் குளிப்பவர்களுக்கு அது சுகம், ஃபோமுக்கு இல்லை. ஈரம் உள்ளே இறங்கினால் காயாது, பூஞ்சை வாடை வரும். பிரம்பு பின்னிய முதுகுள்ள மர சோபாவில் காற்று உள்ளே போய் வரும், குஷனைத் தனியாக எடுத்து மாடியில் காயப்போடலாம். முழுக்கப் பிரம்பிலோ மூங்கிலிலோ செய்த ஃபர்னிச்சருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். மெத்தை சோபாவுக்கு 18.

தவணையில் வாங்குபவர்களுக்கு ஒரு பி.காம். கணக்கு. 30,000 ரூபாய் சோபா, 12 சதவீத ஃப்ளாட் வட்டி, 12 மாதம். வட்டி 3,600. மாதம் 2,800 கட்ட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு 30,000க்கும் போட்டபடியே இருக்கிறது. குறையும் பாக்கிக்கு வட்டி என்று கணக்குப் போட்டால் அது 21 சதவீதத்துக்கு மேல். வட்டியே இல்லை என்று சொல்லும் திட்டங்களில் அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும். ஜீரோ சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013ல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இரண்டு பேர் உட்காரும் மர சோபாவைக் கைக்காசில் வாங்கிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் இலவசமாக ஒரு காரியம் செய்யலாம். சோபாவின் அளவை மட்டும் முதலில் கேட்டுக்கொண்டு வந்து, ஒரு சாக்பீஸால் ஹால் தரையில் அதே அளவுக்குக் கட்டம் போட்டு, ரெண்டு நாள் அதை மிதிக்காமல் நடமாடிப் பார்ப்பது. ராத்திரி அந்தக் கட்டத்துக்குள் யாருடைய பாய் வருகிறது என்று பார்த்து, சோபா வேண்டுமா என்று அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தென்காசி பஸ் ஏறலாம்.