எலிக்கு எதிராகத் துப்பாக்கி தூக்குவோர்க்கு ஒரு மறுப்பு

புழக்கடையில் எலித்தொல்லை என்று யாரேனும் வாய்திறந்தால், ‘ஏர் கன் ஒன்று வாங்கிவிடுங்கள்’ என்று அறிவுரை வழங்குவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். இரவில் கொல்லைக் கதவருகே அமர்ந்து, வெளிவரும் எலியை விளக்கொளியில் குறிபார்த்து வீழ்த்துவது எளிது, நஞ்சற்றது, சிக்கனமானது என்பது அவர்கள் வாதம். ‘கொஞ்சம் பொழுதும் போகும்’ என்பதைச் சற்றுத் தயக்கத்தோடு சேர்த்துக்கொள்கிறார்கள். உண்மையில் வாதத்தின் உயிர்நாடியே அந்தக் கடைசிக் கூற்றுதான் என்று கருதுகிறோம். இந்த அறிவுரையை நாம் முழுமையாக மறுக்கிறோம். எலியின்மீது கொண்ட கருணையால் மறுப்பதாக எவரும் எண்ணவேண்டாம். எலி குறையவேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிறவர்கள் என்ற முறையில்தான் மறுக்கிறோம்.

முதலில், இந்த வழக்கம் எங்கே பொருந்துகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் பண்ணைகளில் எலியைக் காற்றுத் துப்பாக்கியால் சுடுவது நெடுநாள் வழக்கம். விரிந்த முற்றம், வைக்கோற்போர், பன்றிக் கொட்டில், பின்னணியில் மண்மேடு, கூப்பிடு தூரம்வரை அண்டை வீடு கிடையாது. இரத்தம் உறையாமற் செய்யும் எலிநஞ்சுகள், எலியைத் தின்னும் கூகையின் உடலிலும் சேர்கின்றன என்பது தெரிந்தபின், நஞ்சைத் தவிர்க்க விரும்பும் உழவர் துப்பாக்கியை நாடுவதில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் அங்கேயே நிலைமை என்ன? 12 அடி-பவுண்டு ஆற்றலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்திலோ 2016 டிசம்பர் 31 முதல் அதற்குட்பட்டவற்றுக்கும் உரிமம் கட்டாயம். அனுபவமுள்ள பண்ணையாளர் முதலில் தீவனத்தை மூடுகிறார், குப்பைமேட்டை அகற்றுகிறார், பொறி வைக்கிறார், டெரியர் நாயை ஏவுகிறார். துப்பாக்கி இவற்றோடு சேர்ந்த ஒரு துணைக்கருவி. நம்மவர்கள் அந்தத் துணைக்கருவியை மட்டும் இறக்குமதி செய்துகொண்டு, மற்றவற்றை அங்கேயே விட்டுவிட்டார்கள்!

ஒரு கிரவுண்டு மனையில் வீடு, மூன்றடிச் சந்து, அதற்கப்பால் அடுத்த வீட்டுச் சமையலறைச் சன்னல். இதுவே நமது புறநகர்களின் இலக்கணம். காங்கிரீட் தரையிலும் சுற்றுச்சுவரிலும் பட்ட ஈயக்குண்டு எத்திசையில் தெறிக்கும் என்று சுடுபவரால் உறுதி கூற இயலுமா? இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலுக்கும் 0.177 அங்குலத் துளைக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. உரிமம் தேவையில்லை என்பதைப் பொறுப்பும் தேவையில்லை என்று பொருள்கொள்வது நமது பழைய நோய். எலியின் மண்டையோட்டைத் துளைக்கும் குண்டுக்குக் குழந்தையின் கண் ஒரு தடையே அன்று.

அடுத்தது கணக்கு. எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு முதல் பத்துக் குட்டிகள் பிறப்பது இயல்பு. ஈன்ற ஓரிரு நாளிலேயே தாய் மீண்டும் சினையாகக் கூடும். குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே பெருகத் தொடங்கிவிடும். கொசுக்கடியில் மூன்று மணிநேரம் காத்திருந்து இரண்டு எலியை வீழ்த்தும் வீரர் இந்தக் கணக்கோடு எவ்வாறு போட்டியிடப் போகிறார்?

இது நமது ஊகம் அன்று. அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் 1940-களில் டேவிட் டேவிஸ், ஜான் எம்லென் முதலிய ஆய்வாளர்கள் நகரத்து எலிகளைத் தெருத்தெருவாக ஆராய்ந்தனர். எலிகளைக் கொன்று குறைத்த இடங்களில் எஞ்சியவை பெருகிப் பழைய எண்ணிக்கையை எட்டிவிட்டன. குப்பையையும் பதுங்கிடத்தையும் அகற்றிய இடங்களிலோ குறைந்த எண்ணிக்கை குறைந்தபடியே நின்றது. ஓரிடத்தில் எத்தனை எலி வாழும் என்பதை அங்குள்ள தீனியும் வளையுமே தீர்மானிக்கின்றன. சுடப்பட்ட எலி, காலியான ஓர் இருக்கை. அதற்கு வரிசையில் நிற்போர் பலர்.

பிணங்களை எண்ணி வெற்றியை அளப்பது எத்தகைய மடமை என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1902-இல் ஹனோய் நகரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள், எலிவாலைக் கொண்டுவந்து கொடுப்போர்க்குக் காசு என்று அறிவித்தனர். வால்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. பின்னர் பார்த்தால் வாலிழந்த எலிகள் தெருவில் உயிரோடு திரிந்தன. புறநகரில் சிலர் எலிவளர்ப்பே தொழிலாகக் கொண்டிருந்தனர். அதிகாரிகளின் ஏட்டில் வெற்றி, சாக்கடையில் எலி. இன்று செத்த எலிகளை வரிசையாகக் கிடத்திப் படம்பிடித்து மகிழ்வோர் அந்த ஏட்டின் வாரிசுகளே.

இன்னொன்று. இருளில் சுவரோரமாக ஓடுவதெல்லாம் எலியா? கூர்மூக்கும் கீச்சொலியும் கொண்ட மூஞ்சூறு எலியினமே அன்று. கரப்பான், பூச்சி, புழு ஆகியவற்றைத் தின்று வாழும் தனியினம் அது. துப்பாக்கியின் குறிக்குள் அகப்படும்போது அதுவும் ‘எலி’தான். பிள்ளையாருக்கு வாகனமாக அதை வணங்குவோர் வீட்டிலும் இதே தீர்ப்பு. இனி, குறி தவறிக் காயத்தோடு வளைக்குள் ஓடிச் சாகும் எலியோ, நாற்றத்தால் ஒருவாரம் பழிதீர்த்துக்கொள்ளும்.

‘அப்படியானால் நஞ்சு வைக்கச் சொல்கிறீர்களா?’ என்று அன்பர்கள் சீறுவது நமக்குக் கேட்கிறது. இல்லை. நஞ்சைப் பற்றி அவர்களைவிடக் கடுமையாகவே பேச ஆயத்தமாக இருக்கிறோம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைக்கப்பட்ட மருந்தின் நச்சுவாயு இரண்டு குழந்தைகளின் உயிரைக் குடித்தது. கல்லீரலைச் சிதைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை, பெட்டிக்கடையில் மிட்டாய்க்குப் பக்கத்தில் எத்தனை ஆண்டுகள் தாராளமாக விற்கப்பட்டது! 2022-ஆம் ஆண்டு வாக்கில்தான் தமிழக அரசு அதைத் தடைசெய்ய முன்வந்தது. எலியின் பெயரால் மனிதர் இறக்கும் நாட்டில், எலிக்கட்டுப்பாடு சிரிப்புக்குரிய சிறுபொருள் அன்று. ஆயின், நஞ்சா துப்பாக்கியா என்று கேட்பதே பொய்க்கேள்வி. இரண்டும் எலி வந்தபின் செய்யும் காரியங்கள். எலி ஏன் வந்தது என்பதை இரண்டுமே கேட்பதில்லை.

அதைக் கேட்டவர்கள் நம்மிடையே இருந்தார்கள். உத்தரத்தில் தொங்கிய உறி, தரையினின்று உயர்த்திக் கட்டிய குதிர் ஆகியவை எலியின் பழக்கத்தை அறிந்து, அதற்குச் சோறு எட்டாதபடி செய்த ஏற்பாடுகள். காவிரிப் படுகையின் வயல்களில் மூங்கிலை வளைத்து வைக்கும் கிட்டி, நஞ்சும் ஈயமும் இன்றி எலியைப் பிடிப்பது. அதை வைப்பதற்கென்றே தேர்ந்த கைகள் உண்டு. வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி உண்டா என்று சொல்லக்கூடிய இருளர்கள், புகையூட்டியும் மண்ணைத் தோண்டியும் குட்டிகளோடு சேர்த்துப் பிடிப்பவர்கள். துப்பாக்கியால் ஆகாத காரியம் அது. 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை உலகம் அறியும். 2023-இல் இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துக் கைதட்டினோம். ஆனால் அவர்தம் உறவினர் ஒருவரைத் தக்க கூலி கொடுத்துத் தெருவின் வளைகளைத் தோண்ட அழைப்பதற்கு நமக்கு மனம் வருவதில்லை. எலியைத் தின்னும் சாரைப்பாம்பைக் கண்டால் அடித்துக் கொல்கிறோம். கூகையின் குரல் கேட்டால் அபசகுனம் என்று விரட்டுகிறோம். பின்னர் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துத் துப்பாக்கி வாங்குகிறோம்!

செய்யவேண்டியவை வீரம் தராதவை. ஆனால் பலன் தருபவை. நாய்க்கும் கோழிக்கும் வைத்த தீனியை இரவில் வெளியே விடாதிருத்தல். குப்பைத்தொட்டிக்கு மூடி. சுவரோரம் குவிந்த செங்கலையும் தேங்காய் மட்டையையும் அகற்றுதல். ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் துளையில் எலியும், 6 மில்லிமீட்டர் இடுக்கில் சுண்டெலியும் நுழைந்துவிடும். ஆகவே அவற்றைக் கம்பிவலை வைத்துச் சிமெண்டால் அடைத்தல். எஞ்சியவற்றுக்குப் பொறி.

இவ்வளவும் செய்தபின்னும் எலி வந்தால், அது தெருவிலிருந்து வருகிறது என்று பொருள். மூடியில்லாத மழைநீர் வடிகால், நாட்கணக்கில் அள்ளப்படாத குப்பை, இறைச்சிக்கழிவு கொட்டப்படும் காலிமனை ஆகியவை எந்தத் தனிவீட்டின் குற்றமும் அன்று. துப்பாக்கிமீது நமது தலையாய குற்றச்சாட்டு இதுவே: ஊராட்சியும் நகராட்சியும் செய்யவேண்டிய பொதுக்கடமையை அது ஒரு தனிமனிதரின் இரவுநேர வேட்டையாகச் சுருக்கிவிடுகிறது. தன் கொல்லையில் இரண்டு எலியைச் சுட்டவர் வடிகாலுக்கு மூடி கேட்டு மனுக்கொடுக்கப் போவதில்லை. அவர் வென்றுவிட்டதாக நம்புகிறார். மழைநாளில் எலியின் சிறுநீர் கலந்த நீரில் வெறுங்காலோடு நடந்து எலிக்காய்ச்சலுக்கு ஆளாகிறவரோ அந்த வடிகாலில் இறங்கி வேலைசெய்யும் துப்புரவுத் தொழிலாளர்.

ஆகவே அன்பர்களே, துப்பாக்கியைப் பரிந்துரைக்கும் முன் உங்கள் தெருவின் வடிகாலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அதைக் கண்டபின்னும் குறிபார்த்தலே தீர்வு என்று சொல்வீர்களாயின், உங்கள் தரப்பைச் சான்றுகளோடு முன்வையுங்கள். விடைகூறக் காத்திருக்கிறோம்.