பெட்டிக்கு ஏற்ற பாம்பா?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் பாம்புதான் செல்லப் பிராணி! பிறந்த நாள் பரிசாகப் பாம்பு வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடிப்பதும், பெற்றோர் கடைக்கு அழைத்துப் போவதும் அங்கே சகஜம். புதிதாக வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது 'கார்ன் ஸ்நேக்' என்கிற சோளப் பாம்பைத்தான்.

அந்நாட்டின் தென்கிழக்கு மாநிலங்களில் வாழும் பாம்பு இது. சோளக் களஞ்சியங்களுக்கு எலி பிடிக்க வருவதால் இந்தப் பெயர் ஏற்பட்டது என்பார்கள் சிலர். வயிற்றுப் புறத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மக்காச்சோள மணிகளைப் போல் இருப்பதுதான் காரணம் என்பார்கள் வேறு சிலர். முதுகில் கறுப்பு விளிம்பிட்ட சிவப்புத் திட்டுகள். பார்க்க அழகாகவே இருக்கும். விஷம் கிடையாது. நம் ஊர்ச் சாரைப் பாம்பைப் போல எலிகளுக்கு எமன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

முட்டையிலிருந்து வெளி வரும் குட்டி 8 முதல் 12 அங்குல நீளம், பென்ஸில் பருமன். "இது எவ்வளவு பெரிதாகும்?" என்று எந்தத் தாயாரும் கேட்கத்தான் செய்வாள். அதற்கு ஒரு பதில் வெகு காலமாக உலவி வருகிறது: "சின்னப் பெட்டியில் வைத்தால் சின்னதாகவே இருந்து விடும்!"

இதை நம்பாதீர்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்ற கணக்கெல்லாம் பாம்பிடம் செல்லாது. அதன் வளர்ச்சி இரையையும் வெதுவெதுப்பையும் பிறவி வாகையும் பொறுத்தது. வாரத்துக்கு ஒரு சுண்டெலிக் குஞ்சு கிடைத்தால் போதும். குட்டி அவ்வப்போது சட்டையை உரித்துப் போட்டுவிட்டு நீண்டு கொண்டே போகும். முழு வளர்ச்சி பெற்ற பாம்பு 3 முதல் 5 அடி வரை இருக்கும். 6 அடியை எட்டுவது அபூர்வம். அதன் பிறகும் வளர்ச்சி அடியோடு நிற்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாகி விடுகிறது.

சின்னப் பெட்டியில் அடைத்தால்? பாம்பு நீளும், ஆனால் உடம்பை நீட்டிப் படுக்க இடமிராது. நடமாட்டமின்றித் தசை தளரும். பட்டினி போட்டால் வளர்ச்சி குன்றும்தான்; அதைவிடப் பாவம் வேறில்லை. சீக்கிரம் பெரிதாகட்டும் என்று இரையைத் திணிக்கிறவர்களும் உண்டு. அந்தப் பாம்பு வேகமாக வளர்ந்து, கொழுப்பு மிகுந்து, ஆயுள் குறைந்து போகிறது. வளர்ந்த பாம்புக்கு ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஓர் எலி போதும். இன்று விஷயம் அறிந்தவர்கள் 4 அடி நீளம், 2 அடி அகலமுள்ள பெட்டி வேண்டும் என்கிறார்கள். மூடிக்குத் தாழ்ப்பாள் மிக மிக அவசியம். நழுவி ஓடுவதில் மகா கெட்டிக்காரப் பிராணி!

இன்னொரு சங்கதி. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துவிடும் என்பதால், உறைய வைத்த எலியைப் பொட்டலமாக வாங்கி, வேண்டும்போது உறை நீக்கிக் கொடுக்கிறார்கள். அந்தப் பொட்டலம் குடியிருப்பது வீட்டு ஐஸ் பெட்டியில்! இல்லத்தரசியின் சம்மதம் இல்லாமல் இந்த வளர்ப்பு நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

உண்மையில் அடிக் கணக்கை விட வருஷக் கணக்குத்தான் பெரிது. நன்றாகப் பராமரித்தால் சோளப் பாம்பு 15, 20 வருஷம் இருக்கும். 10 வயதில் ஆசைப்பட்டு வாங்கிய பிள்ளை 18 வயதில் வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்படும்போது பாம்புக்கு ஏறக்குறையப் பாதி வயதுதான் ஆகியிருக்கும். பெட்டியைத் துடைப்பதும் தண்ணீர் வைப்பதும் அம்மாவின் தலையில் விழும். அவளாலும் முடியாதபோது, வளர்ந்த பாம்பு அநாதைப் பிராணிகளின் காப்பகத்துக்குப் போய்ச் சேருகிறது.

அதனால், "எவ்வளவு நீளம்?" என்று கேட்கும் தாயார் கூடவே, "எத்தனை வருஷம்? யார் பொறுப்பு?" என்றும் கேட்டுவிட வேண்டும். நீளத்தைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம் என்பவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அந்தக் காப்பகங்களில், வளர்ந்து முடிந்த சோளப் பாம்புகள் ஒரு நல்ல வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. அளந்து பார்த்தே எடுத்து வரலாம்!