சக்கரமும் ஒரு மரக்கால்

செம்பூரில் வாழும் சங்க உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கனடா நாட்டில் மாண்ட்ரியால் நகரில் குடியிருக்கும் அவருடைய மைத்துனர், குளிர்காலம் நெருங்கியதும் தம் காரின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, அளவில் சிறிய சக்கரங்களை மாட்டிக்கொள்கிறாராம். மாற்றிய பிறகு கார் மெத்தென்று ஓடுகிறதென்றும், சிறிய டயர் விலையிலும் மலிவு என்றும் அவர் சொன்னாராம். "குழிகள் மலிந்த நமது மும்பைச் சாலைகளுக்கும் இந்த யோசனை பொருந்தாதா? நாமும் சிறிய டயர் போட்டுக்கொண்டால் என்ன?" என்பது அன்பரின் கேள்வி.

நல்ல கேள்விதான். ஆனால், எவரையும் கேளாமல் இதைச் செய்து பார்த்து இடர்ப்பட்ட தாராவிப் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். அவருடைய அனுபவத்தைச் சொல்லுமுன், மாண்ட்ரியாலில் நடப்பது யாது என்பதைத் தெளிந்துகொள்வோம்.

மாண்ட்ரியால் அமைந்துள்ள கியூபெக் மாகாணத்தில், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். குளிர்கால டயரின் ரப்பரோ அப்போதும் இளகிய தன்மையோடு இருக்கும். அகலம் குறைந்த டயர் பனியின்மீது மிதக்காமல், அதனைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள தரையைத் தொடும் என்பதால், அகலத்தில் ஓரளவு குறைந்ததையே அங்குப் பலர் விரும்புகிறார்கள்.

நம் ஊருக்கு அந்த ரப்பர் தேவையில்லை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 1962 ஜனவரி 22 அன்று பதிவான 7.4 டிகிரியே மும்பையின் பெருங்குளிர். மற்ற நாள்களில் நம் சாலையின் வெப்பத்தில் அந்த இளகிய ரப்பர் விரைவில் தேய்ந்து போகும்.

இனி, 'சிறிய' என்ற சொல்லைக் கவனிப்போம். டயரின் பக்கவாட்டில் 215/55 ஆர் 17 என்பதுபோல் ஓர் எண்வரிசை அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, டயர் அமரும் இரும்பு ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த அளவுக்குப் பதிலாகக் குளிர்காலத்தில் போடத்தக்கது 205/65 ஆர் 16. ரிம் ஓர் அங்குலம் சிறுத்தது, அகலமும் குறைந்தது. ஆனால் பக்கச்சுவர் 118 மில்லிமீட்டரிலிருந்து 133 ஆக உயர்ந்தது. கூட்டிப் பார்த்தால், முழுச் சக்கரத்தின் விட்டம் முன்பு 668 மில்லிமீட்டர், இப்போது 673. நூற்றுக்கு ஒன்றுகூட வேறுபாடில்லை.

ஆகவே அங்குச் சிறுத்தது ரிம்தானே தவிர, சக்கரம் அன்று. உயர்ந்த பக்கச்சுவரில் காற்று மிகுதியாக இருப்பதால் வண்டி மெத்தென்று ஓடுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் பக்கச்சுவர் சற்றே நெளிந்த பிறகே வண்டி திரும்பும். திருப்பங்களில் முன்போல் உடனே பணியாது. மெதுவாக ஓட்டுபவருக்கு இது குறையன்று.

தாராவிப் பெரியவர் செய்தது வேறு. அவர் டாக்சி ஓட்டுகிறவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இந்நகரின் தெருக்களில் உழைப்பவர். அவருடைய வண்டிக்கு உரிய டயர் 155/80 ஆர் 13. மழைக்காலத்துக் குழியொன்றில் இரண்டு டயர்கள் கிழிந்தன. மற்ற இரண்டும் தேய்ந்திருந்தன. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம் அது. பழைய டயர் விற்பவர் ஒருவர், வேறொரு சிறிய காரிலிருந்து கழற்றிய நான்கு டயர்களைக் குறைந்த விலைக்குத் தந்தார். "அதே 155, அதே 13, கச்சிதமாகப் பொருந்தும்" என்றார். பொருந்தவும் செய்தது. ஆனால் நடுவிலிருந்த எண் 80 அன்று, 65. அந்த நடு எண்ணை இருவருமே பொருட்படுத்தவில்லை.

முதல் வாரம் பெரியவர் மகிழ்ச்சியிலேயே இருந்தார். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி துள்ளிக் கிளம்பியது. ஒரு கிலோ எரிவாயுவுக்கு 20 கிலோமீட்டர் ஓடிய வண்டி, இப்போது 22-ஐ நெருங்குவதாகக் காட்டியது. மலிவாக வாங்கிய பொருள் இத்தனை நன்மை செய்கிறதே என்று வியந்தார்.

இரண்டாம் வாரம் அந்த வியப்பு முடிந்தது. மாட்டுங்காவில் வாழும் முதிய மாமி ஒருவர், செம்பூரிலுள்ள மகள் வீட்டுக்கு வாரம் ஒருமுறை இவருடைய வண்டியிலேயே போய் வருவார். தூரம் ஏழு கிலோமீட்டர். கட்டணம் 145 ரூபாய். அன்று மீட்டர் 157 காட்டியது. சாலையில் நெரிசல் என்று பெரியவர் எண்ணிக்கொண்டார். திரும்பும்போதும் அதே 157. மாமி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "நீயும் மீட்டரில் கை வைக்கக் கற்றுக்கொண்டாயா, அப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனாராம்.

அன்றிரவு பெரியவர் நம் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீ ரயில்வேயில் கணக்கு எழுதுகிறவன். நான் மீட்டரைத் தொட்டதில்லை. முத்திரை அப்படியே இருக்கிறது. என் கை சுத்தம். பிறகு இது எப்படி?" என்றார். அவருடைய குரல் தழுதழுத்தது. முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயர் பன்னிரண்டு ரூபாயில் போய்விடுமோ என்ற அச்சம் அது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். உரிய டயரின் விட்டம் 578 மில்லிமீட்டர். அவர் போட்டிருந்ததன் விட்டம் 532. ஒரு கிலோமீட்டர் போவதற்கு முன்னது ஏறத்தாழ 551 முறை சுழலவேண்டும். பின்னது 599 முறை. மீட்டர் சாலையை அளப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியையே எண்ணுகிறது. பழைய பத்மினி டாக்சிகளின் இயந்திர மீட்டரும் அப்படியே; இன்றைய மின்னணு மீட்டரும் அப்படியே. 551 சுழற்சி ஒரு கிலோமீட்டர் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். சக்கரம் சிறுத்தால், வண்டி ஒரு கிலோமீட்டரை முடிக்குமுன்பே மீட்டர் முடித்துவிடும். பத்துக் கிலோமீட்டர் தூரம் 10.87 ஆகிறது. 2025 பிப்ரவரியில் டாக்சிக்கு நிர்ணயித்த கட்டணப்படி, கிலோமீட்டருக்கு 20 ரூபாய் 66 காசு வீதம், பத்துக் கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய் கூடுதல்.

எரிவாயு மிச்சமானதும் இதே மாயைதான். வண்டி கூடுதலாக ஓடவில்லை; ஓடியதாக எண் கூடியது, அவ்வளவே.

நாம் பணியாற்றும் ரயில்வேயிலும் இந்த நுட்பம் உண்டு. மின்சார எஞ்சினின் புதிய சக்கரம் 1,092 மில்லிமீட்டர் விட்டமுடையது. தேய்ந்தும் கடைந்தும் 1,016 வரை குறையலாம். இடையில் சக்கரம் கடையப்பட்டால், புதிய விட்டத்தை வேகமானியில் பதிய வேண்டும். இல்லையேல் ஓட்டுநர் காணும் வேகம் பொய்யாகிவிடும். இரும்புச் சக்கரத்துக்கு இருக்கும் இந்த நெறி ரப்பர் சக்கரத்துக்கும் உண்டு.

கட்டணத்தோடு தீங்கு நிற்கவில்லை. வண்டியின் நடையே மாறியிருந்தது. வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 55 மட்டுமே. இது அபாயமில்லை என்று தோன்றலாம். ஆனால் அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழன்று இரைகிறது. பக்கச்சுவர் 124 மில்லிமீட்டரிலிருந்து 101 ஆகக் குறைந்ததால், குழியின் அடியை ரிம்மும் முதுகெலும்பும் ஏற்கின்றன. மாண்ட்ரியால் மைத்துனரின் கார் மெத்தென்று ஓடியதற்கு நேர்மாறான விளைவு இது. வண்டியின் அடிப்பாகமும் 23 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது, வேகத்தடைகளில் உரசியது. மழை பெய்தால் கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் நீரில் ஒரு விரலளவு உயரமும் பெரிது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கொடியது சுமை. டயர் அளவின் அருகே மற்றோர் எண் உண்டு. உரிய டயரில் அது 79. ஒரு டயர் 437 கிலோ தாங்கும் என்பது பொருள். அவர் வாங்கியதில் 73. அதாவது 365 கிலோ. நான்குக்கும் சேர்த்து 288 கிலோ குறைவு. பின்புறம் எரிவாயு உருளை, உள்ளே நான்கு பேர், மேலே பெட்டி படுக்கைகள் என்று ஊருக்குப் போகும் குடும்பத்தைக் குர்லா டெர்மினஸுக்கு ஏற்றிச் செல்லும் வண்டி அது. மிகுசுமையில் டயர் சூடேறி வெடித்தால், மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு?

பெரியவர் மறுநாளே வண்டியை நிறுத்தினார். வீட்டம்மாள் சேர்த்துவந்த சீட்டுப் பணத்தை எடுத்து, உரிய அளவில் நான்கு டயர்களும் வாங்கினார். பின்பு மாட்டுங்காவுக்குப் போய், போக வர இரண்டு சவாரிக்கான இருபத்து நான்கு ரூபாயை மாமியின் முன் வைத்து, நடந்ததைச் சொன்னார். மாமி மறுக்காமல் பணத்தை வாங்கிக்கொண்டாராம். "கணக்கு நேராகிவிட்டது. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துவிடு" என்றாராம். அதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் கண்ட நிறைவை நாம் மறக்கவில்லை.

செம்பூர் அன்பருக்கு நம் விடை இதுதான். வண்டியோடு வந்த சிறுநூலிலும், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள சீட்டிலும் உரிய டயர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். சிறிய ரிம் போட விரும்பினால், அந்த வண்டிக்கே தயாரிப்பாளர் அனுமதித்த அளவா என்று பாருங்கள். முழு விட்டம் மாறாதிருக்க வேண்டும். பிரேக்கின்மீது ரிம் உரசலாகாது. சுமை எண் குறையலாகாது. நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருத்தல் நலம். டாக்சியாயின், அளவு மாறினால் மீட்டரை மீண்டும் சரிபார்த்து முத்திரை பெறவேண்டும்.

பழைய டயர் வாங்குவோர் இரண்டை நோக்குக. பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கம் பிறந்த நாளைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். காருக்கு, பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். மழைக்காலத்துக்கு அதுவும் போதாது.

நம் முன்னோர் நெல்லை மரக்காலால் அளந்தார்கள். மரக்காலைக் குறைத்துச் செய்தவனை ஊர் இகழ்ந்தது. சாலையை அளக்கும் மரக்கால் சக்கரம். நாம் அறியாமலே அது சிறுத்துவிட்டாலும், அளவு பொய்த்தது பொய்த்ததே. நம்மை நம்பி வண்டியில் ஏறுகிறவருக்காக, அந்த நடு எண்ணையும் ஒருமுறை படித்துவிட்டு வாங்குவோமாக.