40 வருஷம் இழுத்த வேர்க்கடலை வழக்கு: சர்வதேச ஒப்பந்தம் இருந்தும் பணம் வராதது ஏன்?

1980 ஜனவரி. நம்ம ஊர் கூட்டுறவு நிறுவனமான நாஃபெட், சுவிட்சர்லாந்தின் அலிமென்டா நிறுவனத்துக்கு 5,000 டன் வேர்க்கடலை விற்க ஒப்பந்தம் போட்டது. சௌராஷ்டிராவில் புயல் அடித்துப் பயிர் நாசமானதால், 1,900 டன்தான் கப்பல் ஏறியது. மீதியை அடுத்த சீசனில் தருவதாகப் பேச்சு. ஆனால் அதற்கு மத்திய அரசு அனுமதி தரவில்லை. விவகாரம் லண்டனில் ஆர்பிட்ரேஷனுக்குப் போக, நாஃபெட் சுமார் 47 லட்சம் டாலரும் வட்டியும் தர வேண்டும் என்று 1989-ல் நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள்.

சரி, லண்டனில் யாரோ சொன்னதை டெல்லியில் இருப்பவர் ஏன் கேட்கணும்?

அங்கேதான் 1958-ம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை வருகிறது. இந்தியா 1960-ல் இதை உறுதி செய்தது. இன்று 170-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்கள். வெளிநாட்டில் வந்த நடுவர் தீர்ப்பை உறுப்பு நாட்டு நீதிமன்றம் அமல்படுத்தித் தர வேண்டும். வழக்கை முதலிலிருந்து விசாரிக்கக் கூடாது. மறுக்க ஒருசில காரணங்கள்தான் உண்டு. நோட்டீஸே வரவில்லை, நடுவர்கள் வரம்பு மீறினார்கள் என்பது போல. அந்தப் பட்டியலின் கடைசியில் இருப்பது, 'எங்கள் நாட்டின் பொதுக்கொள்கைக்கு விரோதம்'. எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கக்கூடிய ரப்பர் வார்த்தை இது!

2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் காரணமாகச் சொன்னது. அரசு அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்திருந்தால் சட்டமீறல், எனவே இந்தத் தீர்ப்பை இங்கே அமல்படுத்த முடியாது என்றது. ஒப்பந்தம் போட்டு 40 வருஷம் கழித்து, அலிமென்டாவுக்குக் கையில் எதுவும் இல்லை.

அனுமதி இல்லாமல் சரக்கை அனுப்ப முடியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அனுமதி கையில் இல்லாமலே வாக்குக் கொடுத்தால் நஷ்டம் யார் தலையில்? அது நடுவர்கள் ஏற்கெனவே தீர்த்த கேள்வி. அதை மறுபடி கிளறியது, என் பார்வையில், உடன்படிக்கையின் அடிப்படைக்கே முரண். இத்தனைக்கும் இரண்டே மாதம் முன்பு, விஜய் காரியா - பிரிஸ்மியன் வழக்கில், வெளிநாட்டுத் தீர்ப்புகளில் அநாவசியமாகத் தலையிடக் கூடாது என்றதும் இதே உச்ச நீதிமன்றம்தான். அமல்படுத்த விடாமல் இழுத்தடித்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகை வேறு விதித்தது.

நாளைக்கு இங்கிருந்து துணியோ மென்பொருளோ அனுப்பும் ஒருவர், பணம் தராத வெளிநாட்டு வாடிக்கையாளரைத் துரத்திக்கொண்டு அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டும். அவர்களும் 'எங்க பொதுக்கொள்கை' என்றால், நாம் எந்த வாயால் நியாயம் கேட்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு. உறுப்பு நாடுகள் 170-ஐத் தாண்டினாலும், மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த நாடுகளின் தீர்ப்புகளைத்தான் இந்தியா இந்த உடன்படிக்கையின் கீழ் ஏற்கும். அந்தப் பட்டியல் 50-ஐக்கூட எட்டவில்லை. சிங்கப்பூர், பிரிட்டன், அமெரிக்கா அதில் உண்டு. உங்கள் அலுவலக ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷனின் 'சீட்' வேறு நாடு என்றால், கையெழுத்துக்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.