சேப்பாக்கத்தில் 16 விக்கெட்டுகள்

1988-ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கலையொட்டிய நாட்களில், திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சிறுவர்களாகிய நாம் அண்டை வீட்டு மலையாள அம்மையாரின் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடியிருந்தோம். சென்னைச் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவினருடன் டெஸ்ட் பந்தயம். தம் முதல் டெஸ்டை ஆடிய 19 வயது நரேந்திர ஹிர்வானி, முதல் இன்னிங்ஸில் 61 ஓட்டங்களுக்கு 8, இரண்டாவதில் 75-க்கு 8 என 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் ஐவரை விக்கெட் காப்பாளர் கிரண் மோரே ஸ்டம்பிங் செய்தார். இந்தியா 255 ஓட்டங்களால் வென்றது. முதல் டெஸ்டிலேயே இதனினும் சிறப்பாகப் பந்து வீசியவர் இன்றளவும் இலர்.

ஹிர்வானி பிறந்தது கோரக்பூரில். கிரிக்கெட் பயிலும் பொருட்டுப் பதின்ம வயதிலேயே வீட்டைப் பிரிந்து இந்தூருக்குக் குடிபெயர்ந்தவர் அவர். ஊரிலேயே காத்திருந்தாராயின் அந்த 16 விக்கெட்டுகள் ஏது?

“சொந்த ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம்” என்று குழந்தைகளின் ஆர்வத்தை ஒத்திப்போடும் பெற்றோர் நம்மிடையே உளர். பிழைப்புக்காக வந்த ஊர் பயிற்சிக்கும் உரிய ஊரே. ஆட்டமோ, இசையோ, குழந்தை விரும்புவதை இங்கேயே, இவ்வாண்டே கற்பிக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். ஊர் காத்திருக்கும், வயது காத்திராது.